கறுப்பு மணலும் என் வலது கையும்

சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் என் வலது கையைத்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு முகத்தைப் பார்த்து, "என்னவோய் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அடுப்பைக் கிளற ஆரம்பித்துவிடுவேன். ஆனால் இது சொல்லாமல் இருக்கக் கூடாத விஷயம் என்று ஆசுபத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார். வாயால் வராததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கருங்கல் ஊர்ச் சந்தையில் மீன் விற்கிற மூலைக்கு எதிரே இரும்புச் சட்டியை வைத்துக்கொண்டு வறுகடலை விற்கிறவன் நான். பெயர் சவரிமுத்து. கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண்கள் கூடையைக் காலி செய்துவிட்டுத் திரும்பும்போது என்னிடம் ஒரு பொட்டலம் வாங்காமல் போகமாட்டார்கள்.

கடலையை வெறும் சட்டியில் வறுத்தால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். அதனால் மணலைக் காயவைத்து, அதில் கடலையைப் போட்டுக் கிளறி, சல்லடையில் அரித்து எடுப்போம். உப்புக் கடலை என்றால் முதலில் உப்புத் தண்ணீரில் நனைத்து, அந்த ஈரத்தோடே மணலில் போடவேண்டும். ஒரு தடவை சட்டியில் போட்டு எடுப்பது ஒரு ஈடு. ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு கடலையைக் கடித்துப் பார்த்தால்தான் பதம் தெரியும். வறுகடலைக்காரர் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. என் வியாதி முழுவதும் இந்த நாலு வரிக்குள்ளேயே இருந்தது. அது தெரியத்தான் ஆசுபத்திரி வரைக்கும் போகவேண்டியிருந்தது.

எங்கள் கரையில் அலை ஒதுக்குகிற மணலில் ஒரு பங்கு கறுப்பு. கையில் அள்ளினால் இரும்புத் தூள் போலக் கனக்கும். அதிலிருந்து எடுக்கிற ஏதோ ஒன்று வெளிதேசத்தில் விளக்கு எரிக்க உதவுகிறது என்று சொன்னார்கள். அதற்காக ஒரு சின்னக் கம்பெனி வந்து, தகரக் கொட்டகை போட்டு, மின்சாரக் காந்தங்கள் வைத்து மணலைப் பிரித்துக்கொண்டிருந்தது. சில வருஷம் ஓடியது. பிறகு பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேண்டாத மணலைக் கொட்டிய மேடு மட்டும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடிசை உயரத்துக்கு நிற்கிறது. என் மனைவி திரேசாவின் தம்பி லாசர் அங்கே காவல்காரனாக இருந்தவன். கம்பெனி போன பிறகும் சாவி அவனிடம்தான் இருந்தது. சம்பளம் இல்லை, ஆனால் சாவி இருந்ததால் அதிகாரம் இருந்தது.

அவன்தான் ஒரு நாள் ஒரு சாக்கைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து என் முன்னால் தொப்பென்று போட்டான்.

"அத்தான், ஆத்து மணலை வச்சுக்கிட்டு என்னத்துக்கு மல்லுக்கட்டுதீரு? இதைப் போட்டுப் பாரும். ஒருக்கா சூடேறிச்சுன்னா லேசில ஆறாது. வெறகு பாதி மிச்சம்."

"எங்கேந்து எடுத்தே?"

"மேட்டுக்குக் கீழ ஒரு பள்ளம் கெடக்குல்லா? மழை அடிச்சு அடிச்சுக் கொண்டுவந்து போட்டிருக்கு. மேட்டில உள்ளதைவிட இது நைசு. பட்டு மாதிரி கெடக்கு பாரும்."

உண்மைதான். கறுப்பும் சாம்பல் நிறமுமாக ஒரு மினுமினுப்பு. இத்தனை சுத்தமாகச் சலித்த மணலை நான் பார்த்ததில்லை. அதில் வறுத்த கடலை ஒன்றுபோல் பொன்னிறமாக வந்தது. உப்பும் நன்றாகப் பிடித்தது. சந்தையில் என் கடலைக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. மற்ற கடைக்காரர்கள் விசாரித்தார்கள். லாசருக்கு மறைக்கத் தெரியாது. பெருமையாகப் பள்ளத்தைக் காட்டிக் கொடுத்தான்.

வயிற்றுவலி மெல்லத்தான் வந்தது. தொப்புளைச் சுற்றி யாரோ கயிற்றைப் போட்டு முறுக்குவதுபோல் இருக்கும். கொஞ்சம் விடும், மறுபடி முறுக்கும். குப்புறப் படுத்து வயிற்றைத் தலையணையில் அமுக்கினால் சற்றுத் தேவலை. வெளிக்குப் போவதே நின்றுவிட்டது. வைத்தியர் விளக்கெண்ணெய் கொடுத்தார். கஷாயம் கொடுத்தார். முகம் வெளுத்து, சோறு பிடிக்காமல், வாயில் எந்நேரமும் செம்புக் காசைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு ருசி.

பிறகு ஒரு காலையில் அடுப்படியில் கடலை கிளறுகிற சட்டுவம் என் கையிலிருந்து நழுவிச் சட்டியில் விழுந்தது. எடுக்கப் போனேன். மணிக்கட்டு எழும்பவில்லை. கையை முன்னால் நீட்டினால் உள்ளங்கை கீழே தொங்கியது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. திரேசா கிள்ளினாள், சுரீரென்றது. விரலை மடக்க முடிந்தது. தூக்கத்தான் முடியவில்லை.

"இஞ்சேருங்க, வெளையாடாதிய. தூக்குங்க."

"தூக்குதேன். வரமாட்டேங்குது."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். விட்டதும் விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அவள் நிமிர்த்தவில்லை. கையைத் தன் மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

மிஷன் ஆசுபத்திரிக்கு மாட்டுவண்டியில் போனோம். வெளியே காத்திருக்கிற கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் மடியில் தங்கள் வியாதியை வைத்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் என் கையை மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் முறை வந்தபோது டாக்டர் என் வயிற்றைத் தொடுவார் என்று நினைத்தேன். அவர் தொங்குகிற கையைப் பார்த்தார், உடனே என் கீழ் உதட்டை இழுத்துப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒரு சின்னக் கண்ணாடியை எனக்குக் காட்டினார்.

பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில், பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு கருநீலக் கோடு. என் வாய் எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

"இது காரீயம். வலையின் அடியில் கட்டுவார்களே, அந்த ஈயம்," என்றார் டாக்டர். "அது உம்முடைய உடம்புக்குள் போயிருக்கிறது. கையைத் தூக்குகிற நரம்பை அது கெடுக்கும். வயிற்றைப் பிடித்து முறுக்கும். நீர் பெயிண்ட் அடிக்கிறவரா?"

"இல்லை ஐயா."

"அச்சுக்கூடத்தில் வேலையா? பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறீரா?"

"கடலை வறுக்கிறேன் ஐயா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடலையா!" என்றார்.

அன்றைக்கே கட்டில் கொடுத்தார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, நீலச் சாயம் ஊற்றி, பூதக்கண்ணாடிக் குழாயின் அடியில் வைத்தார்கள். டாக்டர் என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணை வைத்ததும் முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்சமான வட்டம். அதில் காசுகளைக் கொட்டி வைத்ததுபோல் என் ரத்தத்தின் அணுக்கள். சில அணுக்களுக்குள் மட்டும் நீலப் பொடி தூவியிருந்தது. ஈயம் தொட்ட அணுக்களில் இப்படித்தான் புள்ளி விழும் என்றார். ஒரு சொட்டுக்குள் இவ்வளவு பெரிய ஊர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வியாதிக்காரன் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆள் நிற்கிறான் என்று நர்சு தோளைத் தட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் மீரான் சாகிபு. தேங்காய்ப்பட்டணத்துக் கொப்பரை வியாபாரி. கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். வாயில் ஒரு பல் கிடையாது, ஆனால் வாய் ஓய்ந்ததும் கிடையாது.

"ஓய், உம்ம ரத்தத்தை நீரே போய்ப் பாத்துட்டு வந்தீராமே! என்ன நெறம்?"

"சிவப்புதான். உள்ள நீலப் புள்ளி கெடக்கு."

"நம்ம ரத்தத்தைப் பாத்தா கொப்பரைத் துண்டா மெதக்கும்," என்று சொல்லிச் சிரித்தார்.

பேதி உப்பு கொடுத்தார்கள். பால் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். தண்ணீர் போலத் தெளிந்த ஒரு மருந்து, கசப்பும் கரிப்புமாக, தினமும் உண்டு. ஈயம் எலும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அதை அவசரப்படாமல் வெளியே அழைத்து வருகிற மருந்து இது என்று டாக்டர் சொன்னார். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துக் கட்டினார்கள். "கை வருமா ஐயா?" என்று கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். உள்ளே போகிறது நின்றால்தான் சொல்ல முடியும்," என்றார்.

முதலில் வயிற்றுவலி அடங்கியது. திரேசா பழைய புடவையை மடித்து என் கைக்குத் தலையணை செய்து கொண்டுவந்தாள். ஆசுபத்திரிச் செலவுக்கு வீட்டில் என்ன விற்றாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, இடது கையால் நான் சிந்தாமல் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு வலி திரும்பி வந்தது. முன்னைவிடப் பலமாக. இடது கையின் விரல்களும் தளர ஆரம்பித்தன. டாக்டர் மறுபடி என் உதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார்.

"இங்கே வந்த பிறகும் உமக்கு ஈயம் போய்க்கொண்டிருக்கிறது. வெளியேயிருந்து என்ன சாப்பிடுகிறீர்?"

"வீட்டுக் கஞ்சி மட்டுந்தான் ஐயா."

அன்றிலிருந்து வீட்டுக் கஞ்சியை நிறுத்திவிட்டார்கள். திரேசா தூக்குச்சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வர வேண்டியதாயிற்று. கூட்டிப் பெருக்குகிற பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

"பெண்டாட்டி எதையோ கலக்கிக் குடுக்கா போலிருக்கு."

"மொகத்தைப் பாத்தா சாது மாதிரி இருக்கா."

திரேசா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடிக்க நீட்டினேன். என் கை தொங்கியது. அவளே குனிந்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கஞ்சியை நிறுத்தியும் வலி நிற்கவில்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டால் சோறு, கஞ்சி, கிழங்கைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கடலை சாப்பாட்டில் சேராது. அது கொறிக்கிறது. நான் இல்லாதபோது லாசர்தான் சந்தையில் கடலை போட்டுக்கொண்டிருந்தான். புது ஈட்டில் ஒரு பொட்டலம் கட்டி அக்காளிடம் கொடுப்பான். "வாய் கசந்து கெடக்கும் அத்தானுக்கு. இது அவருக்க சொந்தக் கடலையாக்கும்" என்பான். அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள். டாக்டர் கேட்டபோது எங்கள் யாருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. ஒளிக்கவேண்டும் என்று யாரும் ஒளிக்கவில்லை.

மீரான் சாகிபுக்கும் நான் கொடுப்பேன். பல் இல்லாததால் அவர் வெற்றிலை இடிக்கிற சின்னப் பித்தளை உரலில் கடலையைப் போட்டு இடித்து, பொடியாக்கி வாயில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் காலை டாக்டர் சுற்றி வந்தபோது அவர் அந்த உரலை நீட்டினார்.

"டாக்டரே, நியாயத்தை நீங்க சொல்லணும். கடலைன்னு சொல்லி இந்த மனுஷன் எனக்கு மண்ணைத் தின்னக் குடுக்காரு. இடிச்சா கறுக்கு கறுக்குன்னு சத்தம். அடியில பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. உரலை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அடியில் கறுப்பு மணியும் சாம்பல் பொடியுமாக ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தது.

"இது என்ன மணல்?"

நான் சொன்னேன். கம்பெனி, மேடு, பள்ளம், சட்டி, உப்புத் தண்ணீர், எல்லாம். அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

லாசரை மணலோடு வரச் சொன்னார்கள். கடலை டாக்டருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தான். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடியைப் பரப்பினார். கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் எடுக்கிற பெரிய காந்தம் ஒன்று அங்கே உண்டு. அதை மணலுக்கு மேலே பிடித்தார். கறுப்பு மணல் உயிர் வந்ததுபோல் எழும்பிப் போய் ஒட்டிக்கொண்டது. தாளில் மிஞ்சியது கொஞ்சம் வெளிர் மணலும், எழும்பாத சாம்பல் பொடியும். அந்தப் பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காடி போன்ற ஒரு புளித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, வடிகட்டினார். வெறும் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. நான் தினமும் குடிக்கிற மருந்தை எடுத்து அதில் சில சொட்டு விட்டார்.

குழாய் முழுக்கப் பளிச்சென்று மஞ்சளாயிற்று. பூவரசம் பூவின் மஞ்சள். அதைச் சூடாக்கினார், மஞ்சள் மறைந்து தெளிந்தது. "இனிப் பாரும்" என்று ஆறவைத்தார். ஆற ஆற, தண்ணீருக்குள் பொன் தகடுகள் பிறந்தன. ஜன்னல் வெயிலில் மின்னிக்கொண்டு, சுழன்று சுழன்று கீழே இறங்கின. கோயில் பீடத்தில்கூட அப்படி ஒரு ஜொலிப்பை நான் கண்டதில்லை. என் கையை விழவைத்தது இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நின்றேன். திரேசா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கஞ்சி மேல் பழி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஈயம் எப்படி ஐயா கடற்கரை மணலுக்கு வந்தது?" என்று லாசர் கேட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"கம்பெனியில் பாட்டரி இருந்ததா?"

"இருந்துது. டைனமோ ரூமில வரிசையா. ஒடஞ்சதை எல்லாம் மேட்டிலதான் எறிவோம். பாட்டரிக்குள்ள உள்ள சேறும் தகடும் அங்கதான் கொட்டுவோம்."

"பாட்டரியின் தகடு ஈயம். சேறும் ஈயம். மழை மேட்டைக் கழுவும்போது லேசான மணல் தூரப் போய்விடும். கனமானது எல்லாம் சேர்ந்து பக்கத்திலேயே பள்ளத்தில் தங்கிவிடும். கறுப்பு மணலும் கனம், ஈயமும் கனம். உப்பு ஈரத்தில் அந்தப் பொடி கடலையில் ஒட்டியது, ஒவ்வொரு ஈட்டிலும் கடித்துப் பார்த்த உம்முடைய வயிற்றுக்குத்தான் அதிகம் போனது."

கம்பெனி காந்தமும் தொட்டியும் வைத்துச் செய்த வேலையை மழை தன்னந்தனியாக, ஒரு சத்தமும் இல்லாமல் செய்து வைத்திருந்தது. பட்டுப்போல் இருக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்ததும் அந்த வேலையைப் பார்த்துத்தான்.

லாசர் தலையைச் சொறிந்தான். "பள்ளத்தைச் சுத்திப் புல்லு மொளைக்காது. எனக்க ஆட்டை ஒருக்கா அங்க கெட்டினேன். சுத்திச் சுத்தி வந்து விழுந்து செத்துப்போச்சு. பாம்புன்னு நெனச்சேன்."

"அந்த ஈயம் எப்பம் ஐயா மக்கிப் போவும்?" என்று நான் கேட்டேன்.

"மக்காது."

"வருஷம் போனா?"

"எத்தனை வருஷம் போனாலும். மண்ணில் விழுந்த இலை மண்ணாகும், எலும்பு மண்ணாகும். ஈயம் ஈயமாகவே இருக்கும். நீரும் நானும் போன பிறகும் அது அந்தப் பள்ளத்தில் இருக்கும்."

மண்ணில் போட்டால் எல்லாம் மண்ணாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மனுஷனே மண்ணாகிறான். மண்ணுக்கும் செரிக்காத ஒன்று உண்டு என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையல்லவா என் சின்ன உடம்பு செரிக்கப் பார்த்திருக்கிறது.

கடலை நின்றது, வலியும் நின்றது. ஈறின் கோடு மங்கிக்கொண்டே வந்தது. இடது கை தேறிவிட்டது. வலது கைக்கு ஒரு பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். ஈரத் துணி சுற்றிய முனையை முழங்கைக்குக் கீழே வைத்ததும், நான் கேட்காமலே என் மணிக்கட்டு துள்ளி எழுந்தது. எடுத்ததும் விழுந்தது. என் கை யாருடைய பேச்சையோ கேட்கிறது, என் பேச்சை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளும் பாட்டரிதான் என்று டாக்டர் சொன்னார். என்னைப் படுக்கவைத்ததும் அதுதான், எழுப்பப் பார்ப்பதும் அதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது விரல்கள் கொஞ்சம் அசைந்தன. மணிக்கட்டு எழும்பவில்லை. "பெட்டி செய்வதைச் செய்துவிட்டது. இனி உம் மனசு சொல்லிக் கை கேட்கவேண்டும். தினமும் சொல்லிக்கொண்டே இரும்," என்றார் டாக்டர். பள்ளத்து மணலை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். "அதை நீர்தான் சொல்லவேண்டும். உம்மைப் பார்த்தால் நம்புவார்கள்."

மீரான் சாகிபு கட்டிலிலிருந்து கையாட்டினார். "ஓய், அடுத்த தடவை ஆத்து மணல்ல வறுத்துக் கொண்டாரும். உரல் தேஞ்சுபோச்சு!"

ஊரில் லாசர் வீடுவீடாகப் போய்ச் சொன்னான். கொட்டகை வாசலில் நின்று கத்தினான். முள்ளை வெட்டிப் பள்ளத்தைச் சுற்றிப் போட்டான். சிலர் கேட்டார்கள். சிலர், "நேத்து நல்ல மணலுன்னான், இன்னைக்கு வெஷமுன்னான்" என்று சிரித்தார்கள். கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திருநாளில் கடலைக் கடை போடுகிறவர்களுக்கு மணல் வேண்டும். லாசர் முள் வெட்டப் போகிற நேரம் பள்ளத்தருகே நான் போய் உட்காருவேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, எழும்பு, எழும்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அருளம்மை வந்தாள். சந்தையில் எனக்கு எதிரே மீன் விற்கிறவள். திருநாளுக்குக் கடலைக் கடை போடப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஓலைப்பெட்டியோடு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முள்ளைக் காலால் ஒதுக்கினாள்.

"ஒரு பெட்டி மட்டும் எடுத்துக்கிடுதேன் மாமா. ஒங்க கடலைக்கு ருசியே இந்த மணல்லதானே. எனக்க பிள்ளைய எல்லாம் கேட்டுக்கிட்டே கெடக்கு."

ஏட்டி, வேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன். எப்போதும்போல் குரல் வரவில்லை. அவள் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டியில் போட்டாள். மறுபடி அள்ளினாள். பெட்டியைத் தலைக்குத் தூக்கி நடந்தாள். நான் எழுந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

அவள் நின்றாள். பெட்டியைப் பிடித்தபடியே என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"என்ன மாமா, போலீசுக்காரன் வண்டியை நிறுத்துன மாதிரி கையைக் காட்டுதிய?"

அப்போதுதான் நான் பார்த்தேன். என் வலது கை அவள் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. மணிக்கட்டு நிமிர்ந்து, உள்ளங்கை அவளைப் பார்த்து நின்றது. விரல்களும் நேராக நின்றன. அவளும் அதற்குள் பார்த்துவிட்டாள். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு சந்தையில் என் கை தொங்கியதைத் தினமும் பார்த்தவள் அவள்.

"மாதாவே!" என்றாள்.

"ஏட்டி அருளம்மை," என்றேன். குரல் வந்துவிட்டது. "இதைத் தின்னுதான் இந்தக் கை விழுந்தது. பிள்ளையளுக்குக் குடுக்காண்டாம்."

அவள் பெட்டியை இறக்கினாள். பள்ளத்தில் கவிழ்த்தாள். கறுப்பு மணல் பட்டுப்போல் சறுக்கி, தான் கிடந்த இடத்திலேயே போய்ப் படுத்தது. அவள் பெட்டியைத் தட்டினாள், கடல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கொட்டிட்டேம்லா மாமா. இனிக் கையைக் கீழ விடுங்க."

நான் விடவில்லை. விட்டால் மறுபடி எழும்புமோ எழும்பாதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. முள்ளுக் கட்டோடு லாசர் வந்து சேருகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.